விண்வெளி நிலையத்தில் ஒரு ரத்தக்கட்டி: 20 குப்பி மருந்தும் 43ஆம் நாள் வந்த மாத்திரையும்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த ஒருவரின் கழுத்துச் சிரையில் ரத்தக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. மேலே கையிருப்பில் இருந்த ஊசி மருந்தையும், பின்னர் பூமியிலிருந்து சரக்குக் கலத்தில் போன மாத்திரையையும் வைத்து அவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் சிகிச்சை நடந்தது. இந்த விவரம் 2020 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. அவர் யார், ஆணா பெண்ணா, எந்த ஆண்டு, எந்தப் பயணம் என்பதை நாசா வெளியிடவில்லை. அது அவருடைய மருத்துவ ரகசியம். இந்தக் குறிப்பிலும் 'அவர்' என்று மட்டுமே வரும்.

செய்தியாக வந்தபோது எல்லோரும் ரத்தக்கட்டியைப் பற்றித்தான் பேசினார்கள். மருந்தைத் தேர்ந்தெடுத்து, கட்டி, ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை ஊசி, எவ்வளவு அளவு என்று மருத்துவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் எல்லை வகுத்தது, நெடுநாள் முன்பு யாரோ ஒரு பையில் அடுக்கி வைத்த பொருள்கள்தான். அந்தப் பக்கத்திலிருந்து இந்த நிகழ்வைப் பார்க்கலாம்.

பின்னணி: மேலே என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது

நிலையத்தில் மருந்துக் கடையும் இல்லை, முழுநேர மருத்துவமனையும் இல்லை. துணிப்பைகளில் வகை பிரித்து அடுக்கிய மருந்துகள் இருக்கின்றன: வாய்வழி சாப்பிடுபவை, ஊசியும் பூச்சு மருந்தும், அவசரத்துக்கானவை என்று. குழுவில் மருத்துவர் ஒருவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பயிற்சி பெற்ற சக பயணி ஒருவர், பூமியில் இருக்கும் மருத்துவர் சொல்லச் சொல்லச் செய்வார்.

அந்த மருந்துகளில் பல, நிறுவனம் அடைத்த டப்பாவிலேயே மேலே போவதில்லை. டப்பாவுக்குள் இருக்கும் காற்று, பஞ்சு, அட்டைப்பெட்டி, மடித்து வைத்த காகிதம் எல்லாமே இடத்தை அடைக்கின்றன. ராக்கெட்டில் ஒவ்வொரு கிராமும் கணக்கு. எனவே மாத்திரைகளைப் பிரித்துச் சின்னப் பைகளிலோ சிறு குப்பிகளிலோ மாற்றி, புது லேபிள் ஒட்டுகிறார்கள். நம் ஊர் மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டிக் கொடுத்தால், காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிடும். அங்கே நடப்பது அதைவிடப் பெரிய இழப்பு, ஏனென்றால் ஈரத்தையும் ஒளியையும் தடுத்துக்கொண்டிருந்த உறையே போய்விடுகிறது. நிறுவனம் போட்ட காலாவதித் தேதி அந்தத் திறக்காத உறைக்குச் சொன்னது. பிரித்த பிறகு அந்தத் தேதியை நம்ப முடியாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் வெளியான நாசா ஆய்வு ஒன்றில் 35 மருந்து வடிவங்களை நான்கு பெட்டிகளில் நிலையத்துக்கு அனுப்பி, 13 நாள் முதல் சுமார் 28 மாதம் வரை அங்கே வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பூமியில் வைத்திருந்த அதே மருந்துகளோடு ஒப்பிட்டபோது, வீரியத்துக்கான தர அளவை எட்டாமல் போனவை மேலே இருந்த பெட்டிகளில்தான் கூடுதல். இதில் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு, பிரித்துக் கட்டியதன் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்ல அந்த ஆய்வால் முடியவில்லை.

பூமிக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டரில் சுற்றும் நிலையத்துக்கு இது தாங்கக்கூடிய குறைதான். சில மாதத்துக்கு ஒரு சரக்குக் கலம் போகிறது, காலாவதியானதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடலாம். ஆனால் கலம் கட்டாயம் வந்து சேரும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2014 அக்டோபரில் ஒரு சிக்னஸ், 2015 ஏப்ரலில் ஒரு புரோகிரெஸ், அதே ஆண்டு ஜூனில் ஒரு டிராகன் என எட்டு மாத இடைவெளியில் மூன்று சரக்குக் கலங்கள் நிலையத்தை அடையாமலே அழிந்தன. மருந்து திட்டமிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

தென்பட்டது

எடையற்ற நிலையில் ரத்தமும் உடல்நீரும் காலை விட்டுத் தலைப்பக்கம் ஏறுகின்றன. முகம் உப்பும், கால் மெலியும். பூமியில் நாம் எழுந்து நிற்கும்போது கழுத்துச் சிரைகள் தட்டையாகச் சுருங்கிவிடும், ஏனென்றால் தலையிலிருந்து ரத்தம் தானாகக் கீழே வடிந்துவிடுகிறது. மேலே அந்த வடிகால் கிடையாது. சிரை எப்போதும் நிறைந்து விரிந்தே இருக்கும். இந்த மாற்றத்தை அளக்க ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் குறித்த நாள்களில் தங்கள் கழுத்தைத் தாங்களே அல்ட்ராசவுண்ட் கருவியால் ஸ்கேன் செய்தார்கள்.

ஆறு மாதப் பயணத்தில் இரண்டு மாதம் கழிந்திருந்தபோது, இப்படி ஒரு ஸ்கேனில் அவருடைய இடது உள்கழுத்துச் சிரை அடைபட்டிருப்பது தெரிந்தது. அவருக்குத் தலைவலி இல்லை. கழுத்தைத் தொட்டால் வலி இல்லை, தோல் சிவக்கவும் இல்லை. இடப்பக்க வெளிக்கழுத்துச் சிரை கொஞ்சம் புடைத்துத் தெரிந்தது, அவ்வளவுதான். அவருக்கோ குடும்பத்தில் யாருக்குமோ முன்பு ரத்தக்கட்டி வந்ததில்லை. ஆய்வு என்று ஒன்று நடக்காமல் இருந்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது.

பூமியிலிருந்து கதிரியக்க நிபுணர்கள் நேரலையில் வழிநடத்த, அவர் மீண்டும் ஸ்கேன் செய்தார். கருவியின் முனையை எங்கே வைப்பது, எவ்வளவு சாய்ப்பது, எவ்வளவு அழுத்துவது என்பதெல்லாம் கீழிருந்து சொல்லப்பட்டது. படங்களை இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து, கட்டிதான் என்று உறுதி செய்தார்கள். விண்வெளியில் இருக்கும்போது ஒருவருக்கு இப்படி ரத்தக்கட்டி கண்டறியப்பட்டு அறிக்கையானது இதுவே முதல் முறை. முன்மாதிரி என்று எதுவும் கையில் இல்லை.

அதே ஆய்வின் மொத்த முடிவுகள் 2019 நவம்பரில் வெளியாயின. பார்த்த 11 பேரில் 6 பேருக்கு, பறந்து ஏறக்குறைய 50 நாள் ஆனபோது, கழுத்துச் சிரையில் ரத்தம் தேங்கியோ எதிர்த்திசையிலோ போய்க்கொண்டிருந்தது. ரத்தம் தேங்குவது கட்டி உண்டாவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆகவே இது அவர் ஒருவரின் உடல்வாகால் வந்த விசித்திரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

சிகிச்சை கொடுப்பதா, காத்திருப்பதா

இரண்டு பக்கமும் ஆபத்து இருந்தது. கட்டியை அப்படியே விட்டால் வளரலாம். ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மேல்நோக்கிப் பரவி மூளையின் சிரைகளை அடைக்கவும் கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தாலோ, ஒரு சிறு விபத்தில்கூட ரத்தக்கசிவு நிற்காமல் போகலாம். தலையில் எதிலாவது மோதிக்கொள்வது நிலையத்தில் அரிதான விஷயம் இல்லை. அறுவை சிகிச்சைக்கோ ரத்தம் ஏற்றவோ அங்கே வழி கிடையாது.

நாசா மருத்துவர்கள், வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் ரத்தக்கட்டி நிபுணராக இருக்கும் ஸ்டீபன் மோலைக் கலந்தார்கள். நாசாவுக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். அந்தப் பயணியோடு அவர் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் பேசிவந்தார். ஒரு நாள் நிலையத்திலிருந்து மோலின் வீட்டுக்கே அழைப்பு வந்தது. எடுத்தவர் அவருடைய மனைவி. விண்வெளியிலிருந்து போன் என்று சொல்லிக் கணவரிடம் கொடுத்தாராம். ஒரு நோயாளியும் அவருடைய மருத்துவரும் சாதாரணமாகப் பேசிக்கொள்ள முடிந்ததை இந்தச் சிகிச்சையின் பெரிய பலமாக நான் பார்க்கிறேன்.

மருந்து கொடுப்பது என்று முடிவானது. அப்புறம் எழுந்த கேள்வி: மேலே என்ன மருந்து, எவ்வளவு இருக்கிறது?

இருந்த மருந்தும் அதன் கணக்கும்

எனாக்சபாரின் இருந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் போடுகிற ஊசி. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள், கோவிட் காலத்தில் மருத்துவமனையில் படுத்தவர்கள் பலருக்கு இது பழக்கமான மருந்து. நிலையத்தில் 300 மில்லிகிராம் கொண்ட குப்பிகள் 20 இருந்தன. சிரிஞ்சுகள் குறைவு. மருந்தின் விளைவை மாற்றி ரத்தத்தை மறுபடி உறையச் செய்யும் மாற்றுமருந்து இல்லவே இல்லை.

பூமியில் இந்த மருந்தை ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம் என்று நாளைக்கு இரண்டு முறை போடுவது வழக்கம். கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் என்று ஒரே முறை போடும் முறையும் அங்கீகரிக்கப்பட்டதுதான். மருத்துவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊசி என்றால் சிரிஞ்சு பாதிதான் செலவாகும், மருந்தும் மிச்சப்படும். 33 நாளுக்குப் பிறகு அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். மாத்திரை வந்து சேரும்வரை கையிருப்பை நீட்டிக்கத்தான் இந்தக் குறைப்பு.

அவருடைய எடை வெளியிடப்படவில்லை. ஆனாலும் அந்த முடிவை எடுத்த மருத்துவர்கள் எந்த மாதிரிக் கணக்கைப் போட்டிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள நாமும் போட்டுப் பார்க்கலாம். மொத்தக் கையிருப்பு 6,000 மில்லிகிராம். 70 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 105 மில்லிகிராம், 57 நாளில் தீர்ந்துவிடும். 90 கிலோ என்றால் நாளைக்கு 135 மில்லிகிராம், 44 நாள்தான் வரும். இப்படிப்பட்ட கட்டிக்குக் குறைந்தது மூன்று மாதம் சிகிச்சை தேவை. 70 கிலோ ஆளுக்கே அதற்கு 9,450 மில்லிகிராம் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் போதாது. 33ஆம் நாளிலிருந்து அளவைக் குறைத்தால் 70 கிலோ ஆளுக்கு 69 நாள்வரையும், 90 கிலோ ஆளுக்கு 50 நாள்வரையும் நீளும். ஏவுதல் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் சமாளிக்க இந்தக் கூடுதல் நாள்கள் வேண்டும். இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மேலே சொன்னதெல்லாம் ஒரு சொட்டுகூட வீணாகாமல் எடுத்தால் கிடைக்கும் கணக்கு.

குப்பியிலிருந்து சிரிஞ்சுக்கு

வீணாகாமல் எடுப்பது அங்கே சுலபமில்லை. பூமியில் ஒரு செவிலியர் இதைச் செய்யும்போது கவனித்துப் பாருங்கள். குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார். திரவம் கீழே இறங்கி ஊசி முனையை மூடிக்கொள்ளும், காற்று மேலே போய்விடும். பிஸ்டனை இழுத்ததும் சுத்தமான மருந்து வரும். ஒன்றிரண்டு குமிழி வந்தால் சிரிஞ்சை நிமிர்த்தி விரலால் சுண்டுவார். குமிழி மேலேறும், லேசாக அழுத்தி அதை வெளியே தள்ளிவிடுவார். சில விநாடி வேலை.

இதில் ஒவ்வொரு அசைவுக்கும் ஈர்ப்பு விசை வேண்டும். எடையற்ற நிலையில் குப்பியைக் கவிழ்ப்பது என்பதற்கே பொருளில்லை. பரப்பு இழுவிசையால் மருந்து கண்ணாடிச் சுவரோடு ஒட்டிப் படர்ந்து நிற்கும். காற்று நடுவில் ஒரு குமிழியாக இருக்கும். ஊசி முனை அந்தக் குமிழிக்குள் இருந்தால் வருவது காற்றுதான். குலுக்கிவிட்டால் இரண்டும் கலந்து நுரையாகும். சிரிஞ்சுக்குள் நுரை வந்துவிட்டால் அளவுக்கோட்டைப் பார்த்தும் பயனில்லை. ஒரு மில்லிலிட்டர் என்று காட்டுவதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு காற்று என்று தெரியாது. விரலால் சுண்டினாலும் குமிழிக்கு ஏறிப்போக ஒரு மேல்பக்கம் இல்லை. சிரிஞ்சைக் கையோடு சேர்த்து வேகமாகச் சுழற்றினால் கனமான திரவம் வெளிப்பக்கம் ஒதுங்கும். பிறகு மெதுவாகக் காற்றைத் தள்ள வேண்டும். தோலுக்கடியில் போடும் ஊசியில் சிறு குமிழி போனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் குமிழி அடைத்த இடத்துக்கு மருந்து குறைந்துவிடுகிறது. ரத்தக்கட்டிக்கு அளவு குறைவாகப் போவது நல்லதல்ல. நிலையத்தில் சிரிஞ்சு அரிய பொருள் என்பதையும், குப்பியிலிருந்து திரவம் எடுப்பது பரப்பு இழுவிசையால் பெரும் சவால் என்பதையும் மருத்துவர்களின் அறிக்கையே எடுத்துச் சொல்கிறது.

குப்பியின் அளவையும் பாருங்கள். 300 மில்லிகிராம் குப்பியில் 3 மில்லிலிட்டர் திரவம். 70 கிலோ ஆளுக்கு இரண்டு முழு ஊசி எடுத்தால் 90 மில்லிகிராம் மீதி, அது ஒரு முழு அளவுக்குப் பற்றாது. மூன்றாம் நாள் பழைய குப்பியில் இருப்பதை எடுத்து, மீதியைப் புதுக் குப்பியிலிருந்து சேர்க்க வேண்டும். ஓர் ஊசி போட இரண்டு குப்பியோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று அர்த்தம். பலமுறை குத்தி எடுப்பதற்கான குப்பி இது என்பதால் கெடாமல் இருக்க பென்சைல் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள், முதல் முறை குத்திய பிறகு 28 நாள் வைத்துக்கொள்ளலாம். அந்த வகையில் பிரச்சினை இல்லை. இடத்தை மிச்சப்படுத்த அடர்த்தியாக அடைத்த பெரிய குப்பி கட்டுகிறவருக்கு லாபம். அதை ஒவ்வொரு நாளும் திறந்து எடுக்க வேண்டிய பயணிக்கு அது சுமை.

மாற்றுமருந்து இல்லாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனாக்சபாரினுக்குப் பூமியில் தரப்படும் புரோட்டமின்கூட அதன் விளைவை ஓரளவுதான் மாற்றும். அந்த ஓரளவும் அங்கே இல்லை. அடிபட்டு ரத்தம் கசிந்திருந்தால் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது தவிர வேறு வழி இருந்திருக்காது. ஆறு வாரம் இந்த நிலையில், வழக்கமான வேலைகளுக்கு நடுவே, ஒருவர் நாள்தோறும் தன் உடம்பில் ஊசி ஏற்றிக்கொண்டு இருந்தார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

43ஆம் நாள்

சிகிச்சை தொடங்கிய 43ஆம் நாள் சரக்குக் கலத்தில் அபிக்சபான் மாத்திரை வந்து சேர்ந்தது. எதை அனுப்புவது என்று தேர்ந்தெடுத்ததில் மோலுக்கும் பங்கு உண்டு. இந்தத் தேர்வு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க நெடுங்காலமாகக் கொடுத்துவரும் வார்ஃபரினுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பாட்டில் கீரை கூடினாலும் குறைந்தாலும் கவனிக்க வேண்டும். அபிக்சபானுக்கு அந்தத் தொல்லை இல்லை. காலையும் மாலையும் ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கு 180 மாத்திரை, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். சிரிஞ்சு வேண்டாம், சுழற்றிக் குமிழி பிரிக்க வேண்டாம், உபயோகித்த ஊசியை யார்மீதும் பட்டுவிடாமல் பத்திரப்படுத்தும் கவலையும் வேண்டாம். அறை வெப்பத்தில் வைக்கலாம்.

பின் நடந்தது

கட்டி மெல்லமெல்லச் சுருங்கியது. 47ஆம் நாள் ஸ்கேனில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்க முயன்றபோது அடைபட்ட இடத்தின் வழியாக ரத்தம் ஓடியது. அப்படி முயன்றால் மார்புக்குள் அழுத்தம் குறைந்து ரத்தத்தை உறிஞ்சும். ஆனால் 90 நாள் மருந்துக்குப் பிறகும் தானாக ஓட்டம் திரும்பவில்லை. மருந்து நன்றாக வேலை செய்தும் ஓட்டம் திரும்பாததற்கு, சிரையைத் தேங்கவைக்கும் எடையின்மை அப்படியே நீடித்ததைக் காரணமாகக் கருத இடமிருக்கிறது.

பூமிக்குத் திரும்ப நான்கு நாள் முன்பு மாத்திரையை நிறுத்தினார்கள். இறங்கும்போது உடம்பு படும் பாடு கொஞ்சமல்ல. அந்த நேரத்தில் ரத்தம் உறையாத நிலை இருந்தால் சிறு காயமும் பெரிதாகிவிடும். நான்கு நாள் என்பது மருந்து உடலை விட்டு வெளியேறத் தாராளமான நேரம்.

அவர் நலமாக இறங்கினார். இறங்கியதும் எடுத்த ஸ்கேனில் மிச்சமிருந்த கட்டி சிரையின் சுவரோடு தட்டையாக ஒட்டியிருந்தது. மேற்கொண்டு மருந்து தேவைப்படவில்லை. பத்து நாளில் கட்டி காணாமல் போனது. ஆறு மாதம் கழித்தும் அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

அடுத்த பெட்டியில் மாற வேண்டியவை

இந்தப் பகுதியில் வருபவை என் கருத்துகள். கையிருப்புப் பட்டியலில் "20 குப்பி" என்று எழுதியிருப்பது மருந்து எவ்வளவு நாளைக்கு வரும் என்று சொல்வதில்லை. "மிக அதிக எடை உள்ள பயணிக்கு முழு அளவில் 44 நாள்" என்று எழுதினால் சொல்லும். மருந்தைப் போட வேண்டிய சிரிஞ்சையும் அதே நாள்கணக்கில், அதே வரியில் எழுத வேண்டும். மருந்து ஒரு பையிலும் சிரிஞ்சு வேறொரு பொதுப்பையிலும் இருந்து, அதை வேறு வேலைகளுக்கும் எடுத்துக்கொண்டிருந்தால், தீரப்போவது எது என்று கடைசி நேரத்தில்தான் தெரியும்.

இரண்டாவது, நிரப்பிய சிரிஞ்சு. எனாக்சபாரின் 60, 80, 100 மில்லிகிராம் அளவுகளில் சிரிஞ்சிலேயே அடைத்துக் கிடைக்கிறது. குப்பியைவிட இடம் அதிகம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் விண்வெளிப் பயணத்துக்கு ஒரு வசதி இருக்கிறது: யார் போகிறார்கள், அவர்களுடைய எடை என்ன என்பது ஏவுவதற்கு வெகுநாள் முன்பே தெரியும். மருத்துவமனை மருந்தகம்போல் முகம் தெரியாத ஆயிரம் பேருக்குக் கட்ட வேண்டியதில்லை. அந்தக் குழுவின் எடைக்குப் பொருந்தும் சிரிஞ்சுகளை இரண்டு வாரத்துக்காவது வைத்துவிட்டு, மீதியைக் குப்பியில் வைக்கலாம். முதல் நாள்களின் பதற்றத்தில் யாரும் குமிழியோடு போராட வேண்டியிருக்காது.

மாத்திரை முதலிலிருந்தே பெட்டியில் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் எதை வைத்தாலும், அதோடு மாற்றுமருந்தையும் ஒரே பையில் வைப்பதைப் பழக்கமாக்க வேண்டும். சில மாற்றுமருந்துகளுக்குக் குளிர்பதனம் தேவை, விலையும் அதிகம் என்பது தெரிந்ததே. அப்படியானால் குளிர்பதனம் தேவையில்லாத மாற்றுமருந்து உள்ள மருந்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழி.

மாத்திரையைப் பிரிக்காமல் நிறுவனத்தின் அட்டையிலேயே அனுப்புவதைத்தான் நான் கேட்பேன். அட்டைப்பெட்டியையும் காகிதத்தையும் எடுத்துவிட்டால் போதும். ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாக மூடியிருக்கும் உறைக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் கொடுக்கலாம்.

இவையெல்லாம் நிலையத்துக்குப் போதும். செவ்வாய்க்குப் போதாது. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, நிலையத்து மருந்துப் பட்டியலில் உள்ள 106 மருந்துகளை எடுத்து, காலாவதி விவரம் கிடைத்த 91 மருந்துகளைப் பார்த்தது. 54 மருந்துகளின் ஆயுள் 36 மாதம் அல்லது அதற்கும் குறைவு. 14 மருந்துகள் 24 மாதத்தைத் தாண்டாதவை. செவ்வாய்க்குப் போய்வர ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். வழியில் 43ஆம் நாள் எந்தக் கலமும் வராது. சமிக்ஞை ஒருவழி போய்ச்சேர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் நாள்களில், கருவியை இடப்பக்கம் சாய்க்கச் சொல்லி நேரலையில் யாரும் வழிகாட்டவும் முடியாது. புறப்படும்போதே ஒருவருக்கு மூன்று மாதத்துக்கான மாத்திரை, மாற்றுமருந்து, மற்றவர்களில் இன்னொருவருக்கும் வந்தால் அதற்கும் சேர்த்து, பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலும் அது வீரியத்தோடு இருக்க வேண்டும். பயணத்துக்கென்று மாற்றிக் கட்டிய உறையில் ஒரு மாத்திரை மூன்று ஆண்டு தாங்குமா என்பதை உறுதியாக அறிய, அதே உறையில் மூன்று ஆண்டு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படியானால் அந்தப் பெட்டியில் எது போக வேண்டும், எந்த உறையில் போக வேண்டும் என்பதை ஏவுவதற்கு மூன்று ஆண்டு முன்பாவது தீர்மானித்து, சோதனையைத் தொடங்கியிருக்க வேண்டும்.